ஒரே வீச்சு, இரண்டு பந்து

2022 ஆகஸ்ட் 7. பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் மேசைப்பந்து கலப்பு இரட்டையர் இறுதியாட்டம். ஒரு பக்கம் நம் மலேசியாவின் ஜாவென் சூங், கேரன் லைன். எதிரே இந்தியாவின் ஸ்ரீஜா அகுலாவும் சென்னைக்காரர் சரத் கமலும். தங்கம் அவர்களுக்கு, வெள்ளி நமக்கு. மறுநாள் ஒற்றையர் தங்கத்தையும் சரத் வென்றார். அப்போது அவருக்கு வயது 40. அதே தங்கத்தை 2006-இல் மெல்பர்னில் வாங்கி 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வயது ஏறினால் கால் வேகம் குறையும். குறையாத ஆயுதம் ஒன்று உண்டு, அதுதான் சர்வீஸ். எதிராளியின் தலையீடே இல்லாமல் நாம் அடிக்கும் ஒரே அடி அது.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு மேசைதான். அதில் பழகிய நான், மாவட்டப் போட்டியில் பட்டணத்துப் பெண் ஒருத்தியிடம் படுமோசமாகத் தோற்றேன். அவள் போட்ட சர்வீஸைத் தொட்டாலே பந்து வலையில் விழும். இல்லையென்றால் பலூன் மாதிரி எழும். 'என் கை சரியில்லை' என்று வீடு வரும்வரை அழுதேன். கை சரியாகத்தான் இருந்தது. ஏமாந்தது கண்!

அவள் செய்தது இதுதான். கை வீச்சு ஒன்றே. பந்து இரண்டு வகை. மட்டையின் நுனியால் பந்தின் அடிப்பகுதியை மெல்லியதாக உரசினால் பலத்த பின்சுழல். அதைச் சாதாரணமாக அடித்தால் வலையில் விழும். அதே வீச்சில், கைப்பிடிக்கு அருகில் பட்டு, உரசாமல் தள்ளினால் சுழலே இருக்காது. பின்சுழல் என்று நம்பி மட்டையைச் சாய்த்து வெட்டினால் பந்து உயரே எழும். எதிராளிக்கு அல்வா!

இது கள்ள ஆட்டமா? இல்லை. திறந்த உள்ளங்கையிலிருந்து பந்தைக் குறைந்தது 16 செ.மீ. மேலே போட வேண்டும். கையாலோ உடம்பாலோ பந்தை மறைப்பதற்கு 2002-இலேயே தடை வந்துவிட்டது. எதிராளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏமாற்ற வேண்டும்.

எப்படிப் பழகுவது? மேசை இல்லையா, வீட்டுத் தரையே போதும். பந்தை மேலே போட்டு அடியில் உரசுங்கள். தரையில் பட்டு உங்களிடமே திரும்பி உருண்டு வந்தால் பின்சுழல் பிடிபட்டுவிட்டது. அடுத்து, அதே வீச்சில் திரும்பி வராத பந்தைப் போடுங்கள். பந்தில் உள்ள முத்திரையைக் கவனியுங்கள். அது தெளிவாகத் தெரிந்தால் சுழல் இல்லை, கலங்கித் தெரிந்தால் சுழல் உண்டு. இரண்டையும் கைப்பேசியில் படம் பிடித்து, வித்தியாசம் தெரிகிறதா என்று வீட்டில் யாரையாவது கேளுங்கள். தெரிந்தால் இன்னும் பழக வேண்டும்.

இதற்கு ஜோடி வேண்டாம், பயிற்சியாளருக்குக் கட்டணமும் வேண்டாம். புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ இருக்கும் பிள்ளை, பட்டணத்துப் பிள்ளைக்குச் சமமாகப் பழகக்கூடிய அடி இது ஒன்றுதான். போடத் தெரிந்த பிள்ளைக்கு, எதிரே வரும் பந்தைப் படிக்கவும் தெரிந்துவிடும்.

பெற்றோர்களே, பிள்ளை தனியாக நின்று பந்தை உருட்டிக்கொண்டிருந்தால் "என்ன விளையாட்டு இது?" என்று அதட்டிவிடாதீர்கள். தினம் இருபது நிமிடம் விடுங்கள். அன்று நான் அழுதுகொண்டு திரும்பியது போல உங்கள் பிள்ளை திரும்ப வேண்டியதில்லை.