மெல்லப் பேசினால் பேட்டரி மிச்சமா?

மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மண் சரிவது வாடிக்கை. இத்தகைய சரிவை முன்கூட்டியே உணர்த்தும் கம்பியில்லா உணரி வலையை, எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் மூணாறின் அந்தோணியார் காலனியில் நிறுவியது. மலைச்சரிவில் நிற்கும் கருவிக்கு அடிக்கடி போய் பேட்டரி மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

பக்கத்து வரப்பில் நிற்பவரிடம் ஊர் கேட்கக் கத்துவானேன்? ரேடியோவில் தகவல் அனுப்பும் உணரியும் அப்படித்தான். எதிர்முனை தனக்குக் கிடைத்த சிக்னலின் வலிமையைத் திருப்பிச் சொல்லும். தகவல் தவறாத அளவுக்கு உணரி தன் சிக்னலை அனுப்பும் திறனைப் படிப்படியாகக் குறைக்கும். மழையில் இலைகள் நனைந்து சிக்னல் மங்கினால் மறுபடி கூட்டும். வெட்டவெளியில் தூரம் பாதியானால் கால் பங்கு திறன் போதும். மரங்களுக்கிடையே அதைவிடவும் குறைவு.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். சிசி2420 என்ற, ஒரு காலத்தில் பிரபலமாயிருந்த ரேடியோ சில்லில் வெளியேறும் திறனை 300 மடங்கு குறைத்தாலும், மின்னோட்டம் 17.4 மில்லி ஆம்பியரிலிருந்து 8.5க்குத்தான் இறங்கும். மீதி, சில்லின் உள்வேலைக்கே செலவு. சும்மா காது கொடுத்துக் கேட்பதற்கோ 18.8, கத்துவதைவிட அதிகம்! எனவே திறன் குறைப்பை மட்டும் நம்புவது வீண். வேலையில்லாத நேரமெல்லாம் ரேடியோவை உறங்க வைக்க வேண்டும். அப்போது செலவு வெறும் 20 மைக்ரோ ஆம்பியர்.