மந்தர ஒலியும் இருக்கைகளும்

இல்லத்தில் அமைத்த திரையரங்கில் இடி முழங்குகிறது. பின்சுவரை ஒட்டி அமர்ந்த தாத்தாவுக்கு அது காதை அதிரவைக்கிறது. அறையின் நடுவிலுள்ள பேரனுக்கோ கேட்பதே அரிது. இக்குறை ஒலிபெருக்கியினுடையதன்று, அறையினுடையது.

ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஆகவே 5 மீட்டர் நீளமுள்ள அறையில், வினாடிக்கு ஏறக்குறைய 34 அதிர்வுகள் கொண்ட மந்தர ஒலியின் அரை அலை இரு சுவர்களுக்கிடையே சரியாகப் பொருந்திவிடுகிறது. சென்ற அலையும் மீண்ட அலையும் கலந்து நிலையலையாகின்றன. சுவரோரம் அழுத்தம் மிகும். நடுவில் ஏறத்தாழ அற்றுப்போகும். ஒலியைக் கூட்டினால் தாத்தாவுக்கே தொல்லை, பேரனுக்குப் பயனில்லை.

பரிகாரம் யாது? மந்தர ஒலிக்குரிய சப்வூஃபர் பெட்டிகள் இரண்டை முன்சுவர், பின்சுவர் ஆகியவற்றின் நடுவிடங்களில் வைத்து, ஒருங்கே ஒலிக்கச் செய்யவேண்டும். ஒன்று எழுப்பும் அந்த நிலையலையை மற்றொன்று அடக்கிவிடும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வும் இம்முறையின் சிறப்பைக் காட்டியது.

பெட்டி ஒன்றே உண்டெனில், இருக்கைகளை நட்டநடுவிலிருந்தும் சுவரோரத்திலிருந்தும் சற்று விலக்குக, வேற்றுமை குறையும். வெளி மாநிலங்களில் வாடகை வீடுகளில் வாழும் நேயர்கள் இதற்கெனச் சுவரில் ஓர் ஆணியும் அறைய வேண்டியதில்லை. நாற்காலியை இரண்டடி நகர்த்தினால், குடும்பத்தார் அனைவரும் ஒரே இடியைக் கேட்கக்கூடும்.