நீர் நீக்கமும் குருதியமுக்கமும்

கல்முனைக்குடிக் கடற்கரையில் வெயிலில் உலரும் கருவாட்டின் சுவையை அறியாதார் நம்மவருள் எவருமிலர். சிறுநீரகம் செயலிழந்து இயந்திரத்தின் துணையால் வாழும் ஒருவர்க்கோ அச்சுவை தீராத் தாகமாக மாறும். ஏறத்தாழ 8 கிராம் உப்பு, ஓர் இலீற்றர் நீரை உடலிலே தேக்கிவைக்கும். சிறுநீராக வெளியேற வழியற்ற அந்நீர் காலிலும் நுரையீரலிலும் தங்கும்; குருதியமுக்கத்தையும் உயர்த்தும். குருதியிலுள்ள கழிவுகளோடு இந்நீரையும் அகற்றுவது குருதிச் சுத்திகரிப்பின் பணியாகும்.

அமெரிக்காவின் சியாற்றில் நகரிலே, 1960 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வைத்தியர் ஸ்கிரிப்னர் தொடர் சுத்திகரிப்பை ஆரம்பித்த முதல் நோயாளர் கிளைட் சீல்ட்ஸ் என்பார். அவருக்குக் குருதியமுக்கம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. உணவில் உப்பைக் குறைத்து, மேலதிக நீரையும் அகற்றவே அஃது அடங்கிற்று. அவர் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். மிகை நீர் நீங்கிய நிலையில் உள்ள நிறையை 'உலர் நிறை' என வைத்தியர் வழங்குவர்.

அவ்வாறாயின் நீர் முழுவதையும் விரைந்து அகற்றிவிடலாகாதோ எனின், ஆகாது. 50 கிலோகிராம் நிறையுடைய ஒருவரிடமிருந்து 4 மணி நேரத்தில் 3 இலீற்றர் நீரை எடுப்பதாகக் கொள்வோம். அவர் குருதியிலுள்ள திரவவிழையமோ 2 இலீற்றருக்குச் சற்றே மிகுதி. இயந்திரம் குருதியிலிருந்து மட்டுமே நீரை எடுக்கவல்லது; இழையங்களில் தேங்கிய நீர் மெல்ல ஊறிவந்து அவ்விடத்தை நிரப்புதல் வேண்டும். கிணற்றில் ஊற்றினும் விரைவாக இறைத்தால் நீர் மட்டம் தாழ்வதுபோல, இங்கே குருதியமுக்கம் வீழும். தலை சுற்றும், கால் தசை பிடித்திழுக்கும், இருதயத்துக்கும் மூளைக்கும் குருதி குன்றும். நிறையின் கிலோகிராம் ஒன்றுக்கு மணிக்கு 13 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட வேகம் கூடுதலான மரணங்களோடு தொடர்புற்றிருந்ததாக 2011 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. நாம் கூறிய கணக்கோ 15 ஆகிறது!

இதனாலன்றோ தாதியர் அரை மணிக்கொரு முறையேனும் அமுக்கத்தை அளக்கின்றனர். குருதி எடுக்கும் நாளம் அமைந்த கையை விடுத்து, மறுகையிலே பட்டியைக் கட்டுவர். அமுக்கம் வீழ்ந்தால் நீர் நீக்கத்தை நிறுத்திக் காலை உயர்த்திக் கிடத்துவர். வேண்டின் உப்புக் கரைசலும் ஏற்றுவர். எனினும் அவ்வெண் பெரும்பாலும் பிந்தியே பேசும். குருதிக் குழாய்கள் சுருங்கியும் இருதயம் விரைந்தும் இழப்பை நெடுநேரம் மறைத்துவிடும். நீரிழிவால் நரம்பு பழுதடைந்தவரிடம் அம்மறைப்பும் இல்லை. வீழ்ச்சி திடீரென நேரும். அன்றியும், வலுவிழந்த இருதயமும் காலையில் விழுங்கிய அமுக்க மாத்திரையும் அமுக்கத்தைத் தாழ்த்தலாம். ஆதலால் ஒரு நாளின் வீழ்ச்சியைக் கொண்டு உலர் நிறையை உயர்த்திவிடுதல் முறையன்று.

மற்றொன்று, உலர் நிறையை எய்திய பின்னரும் அமுக்கம் இறங்கச் சில கிழமைகள் செல்லக்கூடும். சுத்திகரிப்பு நாள்களுக்கு இடையில் வீட்டிலே அளந்த எண்களே இதற்கு நல்ல வழிகாட்டி. அவற்றை அன்றன்றைய நிறையோடு ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுசென்றால், வைத்தியர் அடுத்த முறை 200 மில்லிலீற்றர் கூட்டுவதா குறைப்பதா என்று துணிய இயலும்.