பட்டியலுக்குள் பட்டியல்

விண்ணப்பத்துக்குத் தேவையான ஆவணங்களை வேர்டில் தட்டச்சு செய்கிறோம். முதல் புள்ளி ‘அடையாளச் சான்று’. டேப் விசையைத் தட்டி அதன் கீழே ‘ஆதார்’, ‘வாக்காளர் அட்டை’. பிறகு இடப்பக்கம் திரும்பி ‘முகவரிச் சான்று’. இதை இணையப் பக்கமாக மாற்றுவது எளிய வேலை போலத் தோன்றும். மாற்றி மென்பொருள்கள் பலவும் தவறுவது இங்கேதான்.

வேர்ட் கோப்பில் இந்த நான்கு வரிகளும் தனித்தனிப் பத்திகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 1, 0 என ஒரு நிலை எண் இருக்கும். 0 முதல் 8 வரை ஒன்பது நிலைகள் உண்டு. குவில் என்ற இணைய எடிட்டரும் வரிக்கு வரி இப்படி எண்தான் வைத்துக்கொள்கிறது. இணையப் பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல்-இல் அந்த எண் கிடையாது. எதற்குள் எது அடங்கியிருக்கிறது என்பதே ஆழம். ‘யூஎல்’ என்ற பட்டியலுக்குள் ‘எல்ஐ’ என்ற உருப்படிகள் வரும்; துணைப் பட்டியல் அதன் தாய் உருப்படிக்குள் அமைய வேண்டும்.

வழக்கமான பிழை, வரி முடிந்தவுடன் எல்ஐ-யை மூடிவிடுவது. ‘அடையாளச் சான்று’ மூடப்பட்ட பிறகு துணைப் பட்டியல் திறந்தால், ஆதார் அதற்கு வெளியே நிற்கும். பிரவுசர் அதையும் உள்தள்ளியே காட்டுவதால் கண்ணுக்குப் பிழை தெரியாது. ஆனால் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருள்கள் இந்தக் கட்டமைப்பை வைத்தே ‘பட்டியல், இரண்டு உருப்படிகள்’ என்று அறிவிக்கின்றன. எது எதற்குக் கீழே வருகிறது என்பது அவர்களுக்குக் குழம்பக் கூடாது.

தீர்வு, அடுத்த வரியின் எண்ணைப் பார்க்கும்வரை எல்ஐ-யை மூடாமல் வைத்திருப்பது. எண் கூடினால், திறந்திருக்கும் எல்ஐ-க்குள்ளேயே புதிய பட்டியலைத் திறக்க வேண்டும். அதே எண் என்றால் பழைய எல்ஐ-யை மூடிப் புதியதைத் திறக்கலாம். குறைந்தால், கடைசியாகத் திறந்ததை முதலில் மூடியபடி அந்த நிலைவரை வெளியே வர வேண்டும். தட்டுகளை அடுக்கி மேலிருந்து எடுப்பது போன்ற இந்த முறையை நிரலாளர்கள் ‘ஸ்டாக்’ என்கிறார்கள்.

இன்னும் சில இடங்களில் கவனம் தேவை. நிலை 0-இலிருந்து நேராக 2-க்குத் தாவினால், ஒரு படி மட்டும் இறக்குவது பாதுகாப்பானது. இல்லையேல் பட்டியலுக்குள் நேரடியாகப் பட்டியல் வந்துவிடும். 1, 2, 3 என எண்ணிட்ட பட்டியலின் நடுவே ஒரு விளக்கப் பத்தி வந்து பட்டியல் இரண்டாகப் பிரிந்தால், அடுத்த பகுதி மறுபடி 1-இலிருந்து தொடங்கிவிடும். பத்தி மேலே உள்ள உருப்படியைச் சேர்ந்தது என்றால் அதன் எல்ஐ-க்குள் வைக்கலாம். தனிப் பத்தி என்றால் அடுத்த பகுதியின் ‘ஸ்டார்ட்’ பண்பில் சரியான எண்ணைக் கொடுக்கலாம்.

மாற்றி மென்பொருளை எழுதுகிறவர் வெளியீட்டைத் திரையில் பார்த்ததோடு நிறுத்தாமல், திரைவாசிப்பு மென்பொருளில் ஒருமுறை கேட்டும் பார்க்க வேண்டும்.