ஹெச்-இண்டெக்ஸ்னா என்ன? வயர்லெஸ் விஞ்ஞானிகளுக்கு 'மார்க்' போடுவது எப்படி?

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் வாக்கில் இந்தச் செய்தி வந்துவிடும். "உலகின் டாப் 2% விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் பேராசிரியர்" என்று கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைப்பார்கள். நாங்களும் செய்தி போடுவோம். ஆனால் அந்த 2% எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது? நம்ம செல்போனுக்கும் டவருக்கும் இடையே நடப்பதை ஆராயும் வயர்லெஸ் துறையை வைத்தே பார்ப்போம்.

எல்லாமே மேற்கோள் கணக்குதான்

ஒருவரின் ஆய்வுக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் குறிப்பிட்டால் அது ஒரு சைட்டேஷன். தமிழில் மேற்கோள். நம்ம உரையாசிரியர்கள் அந்தக் காலத்திலேயே செய்த வேலைதான், எண்ணிப் பார்க்கத்தான் ஆள் இல்லை!

2005-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் ஒரு எளிய கணக்கைச் சொன்னார். ஒருவரின் கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், அவரது ஹெச்-இண்டெக்ஸ் 20. சரி, ஒரே ஒரு கட்டுரை மட்டும் எழுதி, அதற்கு 5,000 மேற்கோள் கிடைத்தால்? ஹெச்-இண்டெக்ஸ் வெறும் 1தான். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

8 பக்கம் செய்த வேலை

சியாவாஷ் அலமூட்டி முழுநேரப் பேராசிரியர் அல்ல, தொழில் நிறுவனங்களில் வேலை பார்த்த பொறியாளர். 1998-ல் தனி ஆளாக 8 பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். டவரில் இரண்டு ஆன்டெனா வைத்து, சிக்னல் விட்டுப்போகாமல் அனுப்ப ஒரு எளிய வழி. 3ஜி, வைஃபை என்று பல தொழில்நுட்பத் தரநிலைகளில் அது இடம்பிடித்தது. கூகுள் ஸ்காலரில் அந்த ஒரு கட்டுரைக்கு மட்டும் 10,000-க்கும் அதிகமான மேற்கோள்கள். 2022-ல் மார்கோனி பரிசும் கிடைத்தது. ஆனால் ஹெச்-இண்டெக்ஸுக்கு அது 'ஒரு கட்டுரை', அவ்வளவுதான்.

இன்னொருவர் நம்ம பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். கடற்படையில் இருந்தபோது, கொச்சி ஆய்வுக்கூடத்தில் 'அப்ஸோ' என்ற சோனார் கருவியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். பாதுகாப்புத் துறை வேலை என்பதால் அதையெல்லாம் கட்டுரையாக எழுதிக் குவிக்க முடியாது. பிறகு ஸ்டான்ஃபோர்டு போனார். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல ஆன்டெனாக்கள் மூலம் வெவ்வேறு தரவை அனுப்பும் 'மைமோ' யோசனைக்கு, தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1994-ல் காப்புரிமை பெற்றார். 4ஜி, 5ஜி, இன்றைய வைஃபை எல்லாவற்றிலும் மைமோ இருக்கிறது. பால்ராஜுக்கு 2014-ல் மார்கோனி பரிசு. ஆனால் ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களின் ஹெச்-இண்டெக்ஸில் காப்புரிமை கணக்கில் வராது. கூகுள் ஸ்காலர் காப்புரிமையையும், ஆய்வேடுகளையும், இதழில் வராத முன்பதிப்புகளையும்கூட சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே ஆளுக்கு இடத்துக்கு இடம் எண் மாறுகிறது.

கூட்டு முயற்சிக்கு யாருக்கு மார்க்?

2014-ல் '5ஜி எப்படி இருக்கும்?' என்று கேட்ட பிரபலமான ஆங்கிலக் கட்டுரைக்கு 7 ஆசிரியர்கள். சிலர் பல்கலைக்கழகம், சிலர் செல்போன் நிறுவனம். ஒரு மேற்கோள் வந்தால் 7 பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். ஒருவர் சேர்ந்து எழுதியவர்களைக் கோடு போட்டு இணைத்தால் ஒரு வலைப்படம் கிடைக்கும். எந்த நாடு, எந்த நிறுவனம், எத்தனை முறை என்பது அதில் தெரியும். யார் எவ்வளவு உழைத்தார் என்பது தெரியாது.

2% பட்டியல் இதைக் கொஞ்சம் சரிசெய்யப் பார்க்கிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு, ஸ்கோபஸ் தரவை வைத்து இதைத் தயாரிக்கிறது. மொத்த மேற்கோளோடு, தனியாக எழுதியதா, முதல் பெயரா, கடைசிப் பெயரா என்றெல்லாம் 6 அளவுகளைச் சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவதைக் கழித்தும் பார்க்கலாம். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடலாம்: இது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் கொடுக்கும் விருது அல்ல. ஃபிளெக்ஸில் அப்படிப் போட்டிருந்தால் தப்பு.

இதில் நம்ம ஊருக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு: இனிஷியல். ஒரு கட்டுரையில் எஸ்.குமார், அடுத்ததில் அப்பா பெயரை விரித்து எழுதினால், கணினிக்கு இரண்டு ஆள். எதிர்மாறாக, நாலு குமார்கள் ஒரே ஆளாகி மேற்கோள் மலையாகக் குவியவும் வாய்ப்பு உண்டு. இதற்காகத்தான் 2012-ல் 'ஆர்கிட்' என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது.

பிஎச்டிக்கு கைடு தேடுபவர்கள் என்ன பார்க்கலாம்?

நாலைந்து வருடம் ஒருவரிடம் போகப்போகிறீர்கள், எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அவரது ஸ்காலர் பக்கத்தில் முதல் 5 கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். அவை புதிய ஆய்வா, மற்றவர்கள் செய்ததைத் தொகுத்த சர்வே கட்டுரையா? சர்வேக்கு மேற்கோள் சுலபமாகக் குவியும். அடுத்து பெயர் வரிசை. வயர்லெஸ் துறையில் பொதுவாக மாணவர் பெயர் முதலில், கைடு பெயர் கடைசியில் வரும். அவரிடம் படித்தவர்களின் பெயர் முதலிடத்தில் வருகிறதா, இல்லை நடுவில் எங்கோ தொலைந்துபோகிறதா? சந்தேகமாக இருந்தால் அந்தப் பழைய மாணவர்களில் ஒருவருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.