25 டொலர்ச் செயலி யாருக்கு?

புதுப்பொருள் ஒன்றைச் செய்ய முனைவோர், "எதனைச் செய்யலாம்?" என்றே பெரும்பாலும் வினவுகின்றனர். "யாருக்காகச் செய்யலாம்?" என்னும் வினாவை முதலில் எழுப்புவோர் சிலரே. அவ்வினாவின் பயனுக்கு 6502 என்னும் நுண்செயலியின் வரலாறு நல்ல சான்றாகும்.

நுண்செயலி என்பது கட்டளைகளை ஒவ்வொன்றாக ஏற்று நிறைவேற்றும் சிறு சிலிக்கன் துண்டு. கணினியின் மூளை எனலாம். 1974ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் 8080 செயலி 360 டொலர் விலையில் வெளிவந்தது. அக்காலத்தில் மோட்டொரோலா நிறுவனத்திலே பணியாற்றிய சக் பெடில் என்னும் பொறியியலாளர், அந்நிறுவனத்தின் 6800 செயலியைப் பல தொழில் நிறுவனங்களுக்கு விளக்கிக் காட்டினார். பொருளை யாவரும் மெச்சினர். விலையை அறிந்ததும் பின்வாங்கினர். அவர்களுக்கேற்ற மலிவான செயலியைச் செய்யும் எண்ணத்தை மோட்டொரோலா ஏற்கவில்லை. ஆகவே பெடில் தோழர் சிலருடன் மொஸ் டெக்னோலஜி என்னும் சிறு நிறுவனத்திற் சேர்ந்தார்.

அங்கே விலை முதலில் வகுக்கப்பட்டது. அதற்கியையப் பொருள் அமைக்கப்பட்டது. இன்றியமையாதனவற்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கினர். கணிப்பின் விடையைத் தாங்கும் பதிவகங்கள் 6800 செயலியில் இரண்டு. 6502 செயலியில் ஒன்றே. துண்டு சிறுத்தால் ஒரே சிலிக்கன் தகட்டிலிருந்து பல துண்டுகள் கிடைக்கும்; பழுதாவனவும் குறையும். 1975ஆம் ஆண்டில் 6502 செயலி 25 டொலருக்கு விற்பனைக்கு வந்தது.

கருவிகளையும் யந்திரங்களையும் கட்டுப்படுத்துவதற்கென்றே பெடில் அதனை வகுத்தார். ஆயினும் குறைந்த விலை வேறு வாயில்களையும் திறந்துவிட்டது. ஸ்டீவ் வொஸ்னியாக் என்னும் இளைஞர் அதனைக் கொண்டு அமைத்த முதல் அப்பிள் கணினி 1976இல் விற்பனைக்கு வந்தது. அச்செயலியின் சுருங்கிய வடிவம் 1977இல் அட்டாரி விளையாட்டுப் பெட்டியினுள் அமர்ந்து வீடுகளுக்குட் புகுந்தது. 1981இல் வெளிவந்த பீ.பீ.சீ. கணினியின் மூலம் பிரித்தானியப் பாடசாலை மாணவரையும் அது சென்றடைந்தது.

மாணவர்களே, சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர் நம் முன்னோர். எத்துரும்பு யாருக்கு உதவும் என்று அறிவதிலேதான் திறமை இருக்கிறது. விலை கேட்டுத் திரும்பிச் சென்றவர்களையே பெடில் தம் சந்தையாகக் கொண்டார். அவர்களுக்குப் பின்னால், அவர் காணாத ஒரு பெருங்கூட்டமும் காத்து நின்றது.