வீட்டைக் கட்டிப் பார்... வெயிலையும் பார்!

திருவண்ணாமலையில் இப்போது இரண்டு தொழில்கள் ஓஹோ. ஒன்று, பௌர்ணமிக்கு ரூம் வாடகைக்கு விடுவது. இன்னொன்று, வீடு கட்டுவது. நேற்று வரை வேர்க்கடலை விளைந்த நிலத்தில் கல் நட்டு, பிளாட் போட்டு, போர்டும் வைத்தாகிவிட்டது. பேங்க்கில் லோன், மாமனாரிடம் கைமாற்று, பெண்டாட்டியின் வளையல் என்று திரட்டி நம்ம ஆபீஸ் நண்பர்கள் ஆளுக்கொரு வீடு எழுப்பிவிட்டார்கள்.

இந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே ஜாதகம். மேலே மொட்டைத் தளம். மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் (மலை தெரியணுமாம்!). முகப்பில் எலிவேஷன் என்ற பெயரில் ஏதோ அலங்காரம். கிரகப்பிரவேசம் தை மாதத்தில். தையில் வைப்பதில் ஒரு சௌகரியம், வந்தவர்கள் எல்லாம் ‘வீடு ஜில்லுனு இருக்கு’ என்பார்கள். வண்டவாளம் சித்திரையில்தான் தெரியும்.

திருவண்ணாமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டு டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 20 தாண்டியதும் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேரே உச்சந்தலையில் நிற்கும். அப்போது அடி வாங்குவது சுவர் அல்ல, தளம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்க்ரீட், ராத்திரி பத்து மணிக்கு அதை நம் படுக்கைமேல் நிதானமாகத் திருப்பிக் கொடுக்கும். ஃபேன் அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி விநியோகம் செய்யும். பிறகென்ன, ஏசி! மணிக்கு ஒரு யூனிட் என்றே வையுங்கள், ராத்திரி எட்டு மணி நேரம், இரண்டு மாதத்தில் 480 யூனிட். ஃபிரிட்ஜும் மிக்ஸியும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டி இ.பி. பில் வேறு ரேட்டுக்குத் தாவிவிடும். பி.காம். படித்தவனுக்கு இதைவிட வேதனையான கணக்கு கிடையாது.

இதே அட்சரேகையில், செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் சுமார் நூறு கிலோமீட்டர் கிழக்கே, பாண்டிச்சேரியில் ஒரு கட்டடம் இருக்கிறது. பெயர் கோல்கோண்ட். அரவிந்தர் ஆசிரமத்து அன்பர்கள் தங்குவதற்காக 1937-ல் தொடங்கியது. முழுக்கக் கான்க்ரீட். வெளிச்சுவரில் பூச்சுகூடக் கிடையாது. ஆனாலும் ஏசி இல்லாமல் மனிதர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்கென்றே யோசித்துக் கட்டியது.

வரைந்தவர் ஆன்டனின் ரேமண்ட். 1888-ல் இன்றைய செக் நாட்டில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய் அமெரிக்கப் பிரஜை ஆனவர். அந்த ஊரின் பெரிய கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட்டிடம் வேலை பார்த்தார். டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்ட 1919-ல் ரைட்டோடு ஜப்பான் போனவர், குருவை விட்டு விலகி அங்கேயே சொந்தமாக ஆபீஸ் போட்டுவிட்டார். சும்மா இருந்தால் அமெரிக்கன் ஸ்டைலில் கட்டிக் காசு பார்த்திருக்கலாம். மனுஷன் ஜப்பானியத் தச்சர்களிடம் பாடம் கேட்டார். நகர்த்துகிற கதவு, மழையைத் தள்ளி நிறுத்துகிற இறவாரம், காற்றுக்கு வழிவிடும் சுவர் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, கான்க்ரீட்டோடு கலந்தார்.

ஆசிரமத்தில் பவித்ரா என்று ஒரு பிரெஞ்சு இன்ஜினீயர். ஜப்பானில் ரேமண்டைத் தெரிந்தவர். அந்த வழியில்தான் இந்த வேலை ரேமண்டுக்குப் போனது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் நிஜாமின் ஒரு லட்ச ரூபாய் வந்தது. அதனால்தான் கோல்கொண்டாவின் பெயர்.

சரி, என்ன வித்தை செய்தார்?

முதலில் திசை. நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. காலையும் மாலையும் சாய்ந்து வந்து சுடுகிற வெயிலுக்குக் கிடைப்பது கிழக்கு, மேற்குக் குறுகல் பக்கங்கள் மட்டும்தான்.

அடுத்தது ஜன்னல். ஜன்னலே இல்லை என்பதுதான் விசேஷம்! பழைய பாத்ரூம் வென்டிலேட்டரில் சாய்வாகக் கண்ணாடித் துண்டுகள் அடுக்கியிருக்குமே, அந்த சமாசாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பலகைகள். அவற்றைத் தரையிலிருந்து மேல்தளம் வரை, முகப்பு நீளத்துக்கும் அடுக்கிவிட்டார். கையால் திருப்பினால் திறக்கும், மூடும். வெயில் வராது, சாரல் வராது, காற்று மட்டும் வரும். (ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலுக்கு ஆகாது என்பது பிற்பாடுதான் பரவலாகத் தெரிந்த விஷயம். யாரும் அந்தச் சரக்கைத் தேடிப் போகவேண்டாம்.)

அறைக் கதவிலும் அதே யோசனை. தேக்குச் சட்டங்களை முன்னும் பின்னுமாக இடைவெளி விட்டு அடுக்கி, தள்ளுகிற கதவாகச் செய்தார்கள். தாழ்வாரத்தில் போகிறவர் பார்வை உள்ளே நுழையாது, காற்று நுழையும். தெற்கே அறை, வடக்கே தாழ்வாரம், இரு பக்கமும் தோட்டம். வடக்குத் தோட்டத்தில் மர நிழல் அடர்த்தி. ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடானால் காற்று தானாகவே நடுவில் புகுந்து நடக்கும்.

எனக்குப் பிடித்தது கூரைதான். தட்டையான தளத்துக்கு மேலே, இடைவெளி விட்டு, வளைவான கான்க்ரீட் ஓடுகளை வரிசையாகக் கவிழ்த்திருக்கிறார்கள். குடைக்கு மேல் குடை. மேல் குடை வெயிலை வாங்கிக்கொள்ளும். சூட்டை நடுவில் ஓடுகிற காற்று கொண்டு போய்விடும். கீழ்த்தளத்துக்கு சித்திரை வந்ததே தெரியாது.

இதையெல்லாம் சைட்டில் நின்று பார்த்துக்கொண்டவர் ஜார்ஜ் நாகஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியப் பிள்ளை, எம்.ஐ.டி.யில் படித்து ரேமண்ட் ஆபீஸில் சேர்ந்தவர். 1937-ல் பாண்டிச்சேரி வந்தார். வந்த இடத்தில் அரவிந்தரின் சீடராகி, சுந்தரானந்தா என்று பெயர் பெற்று, சம்பளமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சைட் இன்ஜினீயர் சம்பளம் வேண்டாம் என்று சொன்னதாக அதற்கு முன்போ பின்போ நான் கேள்விப்பட்டதில்லை. ரேமண்ட் 1938-ல் மனைவி நோயெமியோடு வந்து சில மாதம் தங்கிப் போனார். 1939-ல் நாகஷிமாவும் கிளம்பினார். செக் நாட்டு ஃப்ரான்ஸ்வா சாமரும் ஆசிரமத்துக்காரர்களும் வேலையைத் தொடர்ந்தார்கள். கான்ட்ராக்டர் என்று ஒருவர் கிடையாது. ஆசிரமத்து ஆட்களே கூலியாட்களோடு நின்று கட்டினார்கள். கதவு, பலகைகளுக்கான பித்தளைச் சாமான்கள் பழைய பாத்திரங்களை உருக்கி வார்த்தவை. யுத்தம் வேறு வந்துவிட்டது. 1942 வாக்கில்தான் ஒரு வழியாக வேலை முடிந்தது.

அதே காலத்தில் இங்கே திருவண்ணாமலை ரமணாசிரமத்திலும் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ரமணரின் தாயார் சமாதிமேல் மாத்ருபூதேஸ்வரர் கோயில். 1939-ல் தொடங்கி 1949-ல் கும்பாபிஷேகம். அங்கே கான்க்ரீட், இங்கே கருங்கல். இரண்டு இடத்திலும் அவசரம் மட்டும் இல்லை.

கட்டியவர்கள் கதை அவ்வளவு குளிர்ச்சியாக முடியவில்லை. 1942-ல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரைப் பிடித்து முகாமில் அடைத்தபோது, நாகஷிமா மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநில முகாமுக்குப் போனார். அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் இழைப்புளி பிடிக்கக் கற்றார். மறுவருஷம் அவருக்குப் பொறுப்பேற்று வெளியே கொண்டுவந்தது பழைய முதலாளி ரேமண்ட்தான். பிற்பாடு 1990-ல் இறக்கும்வரை மரச் சாமான்களிலேயே உலகப் புகழ் பெற்றார் நாகஷிமா. அதே 1943-ல் ரேமண்ட் இன்னொரு வேலையும் செய்தார். யூடா பாலைவனத்தில் அமெரிக்க ராணுவம் தீக்குண்டுகளைச் சோதித்துப் பார்க்க, அச்சு அசலாக ஜப்பானிய வீடுகளை வரைந்து கொடுத்தார். சுமார் பதினெட்டு வருஷம் தனக்குச் சோறு போட்ட ஊரின் வீடு எப்படித் தீப்பிடிக்கும் என்பதற்கு! கோல்கோண்டை வரைந்த அதே கை. எனக்கு இது இன்னும் ஜீரணமாகவில்லை.

முப்பதுக்கு நாற்பது பிளாட்டில் இரண்டு பக்கமும் தோட்டம் போட முடியுமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முடியாது. கொசு இருக்கிறது, திருடன் இருக்கிறான், பக்கத்து வீட்டு டி.வி. இருக்கிறது. கடல் காற்றும் கிடையாது, அதற்குப் பதில் ராத்திரி வரை சூடு கக்குகிற மலை இருக்கிறது. ஆனால் மேற்குப் பக்கம் மாடிப்படியையும் பாத்ரூமையும் தள்ளினால் வெயில் அவற்றோடு போகும். மலை பார்க்க மாடிக்கு ஏறினால் போச்சு. எதிரெதிரே ஜன்னல் வைக்கத் தனிச் செலவில்லை. சன்ஷேடை ஓரடி கூட நீட்டலாம். எலிவேஷனுக்குக் கொட்டுகிற காசில் மொட்டை மாடிமேல் இடைவெளி விட்டு ஓட்டுக்கூரை ஒன்று போடலாம், துணியும் காயும்.

என் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, பிளானை எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனார். “அண்ணே, காத்து எந்தப் பக்கம் உள்ள வந்து எந்தப் பக்கம் வெளிய போகும்?”

மேஸ்திரி பிளானைப் பார்த்தார். நண்பரைப் பார்த்தார்.

“எதுக்கு சார் கவலைப்படறீங்க? அதான் எல்லா ரூம்லயும் ஏசி பாயின்ட் விட்டிருக்கோமே!”